படைப்பைப் பாராமல் பட்டம் வழங்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் நுண்கலை உயர்பட்டங்களுக்கு விதி வகுப்போருக்கும், மேற்பார்வையாளர்களுக்கும், பரீட்சகர்களாக அழைக்கப்படுவோருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கூத்தாடியும் நாதஸ்வரம் வாசித்தும் ஓவியம் தீட்டியும் அந்தச் செயலின் வழியாகவே ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களுக்கான படைப்புவழிக் கலாநிதிப் பட்டத்தின் விதிகள் எப்படி அமைய வேண்டும் என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். படைப்பு நிகழும் இடத்தில், நிகழும் நேரத்தில், பரீட்சகர்கள் அதை நேரில் பார்த்த பிறகே பட்டம் பற்றிய தீர்மானம் எடுக்கப்பட வேண்டும். கீழே வரும் மற்ற எல்லாம் இந்த ஒரு கோரிக்கையிலிருந்து பிறப்பவை.

எங்கே பிசகுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். உயர்பட்ட விதிகள் எழுத்து ஆய்வேட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆய்வேட்டைக் கட்டி ஒப்படைத்தால், பரீட்சகர் அதைக் கொழும்பில் வைத்து வாசித்தாலும் சென்னையில் வைத்து வாசித்தாலும், இந்த மாதம் வாசித்தாலும் அடுத்த வருடம் வாசித்தாலும் அதில் ஓர் எழுத்தும் மாறாது. ஆகவே ஒப்படைத்த பிறகு பரீட்சகரை நியமிப்பதில் குறையில்லை. அதே ஒழுங்கைப் படைப்புவழி ஆய்வுக்கும் பொருத்தினால் நடப்பது இது: மாணவர் இரண்டாம் வருடத்திலோ மூன்றாம் வருடத்திலோ கண்காட்சியை வைக்கிறார், ஆற்றுகையை மேடையேற்றுகிறார். பிறகு உட்கார்ந்து எழுதுகிறார். எழுத்து முடிந்து ஒப்படைத்த பின் பரீட்சகர்கள் நியமிக்கப்படுகிறார்கள். அதற்குள் கண்காட்சி இறக்கப்பட்டிருக்கும், ஆட்டக்காரர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். பரீட்சகர் கையில் கிடைப்பது ஒரு புகைப்படக் கட்டும் ஒரு காணொளியும். இவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல அவர் தயங்குவார். நியாயமாகவே, எழுத்தையே பிடித்துக்கொள்வார். இதை அறிந்த மேற்பார்வையாளர் அடுத்த மாணவரிடம் “எழுத்தைப் பெருப்பி” என்பார். இப்படி இரண்டு மூன்று பேர் கடந்தால், படைப்புவழிக் கலாநிதிப் பட்டம் என்பது பின்னிணைப்பில் சில படங்கள் வைத்த வழக்கமான ஆய்வேடாகிவிடும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. நியமனத் திகதி செய்கிற வேலை அது.

படைப்பின் வழியாக ஆய்வு செய்வது மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு ஒரு விடயத்தை நினைவூட்ட விரும்புகிறோம். பேராதனையில் 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1967இல் வாலி வதை ஆகியவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்தை எவ்வளவுக்குச் சுருக்கலாம், வட்டக்களரியில் நான்கு திசைக்கும் ஆடிய ஆட்டம் படச்சட்ட மேடையில் ஒரு திசைக்குத் திரும்பும்போது என்ன ஆகிறது என்ற கேள்விகளுக்கு அந்தத் தயாரிப்புகள் மேடையிலேயே விடை தேடின. அவர் எடுத்த முடிவுகளை ஏற்றவர்களும் மறுத்தவர்களும் இன்றுவரை விவாதிக்கிறார்கள். விவாதிக்கத் தக்க முடிவைத் தருவதுதானே ஆய்வு? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவரே. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததிலிருந்து, கலையைக் கைப்பழக்கமாகக் கற்பிக்கிறவர்களும் அதைப் பற்றி எழுதுகிறவர்களும் இங்கே ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். அடித்தளம் போட்டாயிற்று, விதிதான் பின்தங்கி நிற்கிறது.

வெளியே பார்த்தாலும் இது புதிதல்ல. பிரித்தானியாவில் 1970களிலேயே படைப்பை ஆய்வேட்டின் பகுதியாக ஏற்கும் விதி வந்தது. டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிக் கற்கை 1977இல் தொடங்கியது. அவுஸ்திரேலியாவில் 1984இல் இதற்கெனத் தனிப் பட்டம் வந்தது. ஹெல்சிங்கியின் சிபெலியஸ் அக்கடமியில் கலைவழியில் கலாநிதிப் பட்டம் பெறுகிற இசைக்கலைஞர் ஒரே கருப்பொருளைச் சுற்றிப் பொதுவாக ஐந்து கச்சேரிகளைத் தொடராக வழங்க வேண்டும். அவை நேரில் கேட்டு மதிப்பிடப்படுகின்றன. எழுத்து அவற்றோடு சேர்ந்து வருகிறது. நாங்கள் கேட்பதும் அந்த வரிசைதான்.

இனி, யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி. நல்ல கலைஞர் என்பது மட்டும் போதாது. செய்தாலன்றி விடை தெரியாத ஒரு கேள்வி அவரிடம் இருக்க வேண்டும். “யாழ்ப்பாணத்துத் தென்மோடிக் கூத்தின் வரலாறு” என்று ஒருவர் விண்ணப்பித்தால், அதை எழுதுவதற்கு ஆடத் தேவையில்லை. அவரை வழக்கமான கலாநிதிக் கற்கைக்கு அனுப்புங்கள். “கூத்தைப் பாதுகாத்தல்” என்று விண்ணப்பித்தால் அது ஒரு நல்ல நோக்கம், கேள்வி ஆகாது. “இரவு முழுவதும் ஆடும் ஒரு கூத்தைத் தொண்ணூறு நிமிடமாக்கும்போது பிற்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடுவதை எங்கெங்கே எடுக்கலாம், எங்கே எடுத்தால் ஆட்டம் குலைகிறது” என்று கேட்டால் அது ஆடித்தான் தெரியும். நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியையும் அப்படிப் பார்க்கலாம். சுவாமி புறப்படும்போது நடந்துகொண்டே வாசிப்பதற்கு அமைந்த வடிவம் அது. மண்டபத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது காலத்துக்கும் மூச்சுக்கும் தவிலின் நடைக்கும் என்ன நேர்கிறது என்பதை இரண்டு இடத்திலும் வாசித்துக் காட்டினால்தான் சொல்ல முடியும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன இணுவிலும் அளவெட்டியும் இருக்கிற ஊரில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் நான்கைந்து பக்கத் திட்டத்தோடு முன்னைய படைப்புகளின் பதிவும் கேளுங்கள். நேர்முகத்தில் கோட்பாட்டுப் பெயர்களை ஒப்புவிக்கச் சொல்வதைவிட, “உங்கள் கேள்விக்கு விடை ‘இல்லை’ என்று வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் ஆள் விளங்கிவிடும். ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு மேடை தேடி வருகிறவர் இந்த இடத்தில் தடுமாறுவார்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம், அதாவது உச்சம். மூன்று வருட முழுநேர ஆய்வுக்குக் குறையாதது. ஆய்வில் ஒரு திறமைப்புள்ளிக்கு (கிரெடிட்) 100 மணித்தியாலம் என்பது அதன் கணக்கு. அந்த மணித்தியாலங்களுக்குள் ஒத்திகையும் பட்டறை வேலையும் சூளை வேலையும் அடங்கும் என்று உங்கள் விதியில் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால், நூலகத்தில் இருந்த நேரம் ஆய்வாகவும் மேடையில் இருந்த நேரம் பொழுதுபோக்காகவும் முன்னேற்ற அறிக்கையில் பதிவாகும்.

இப்போது பரீட்சை. இங்கேதான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இறுதிப் படைப்புக்கு ஆறு மாதம் முன்பே பரீட்சகர்கள் நியமிக்கப்பட்டுத் திகதி உறுதியாக வேண்டும். ஆய்வு எழுத்தின் முழு வரைவு படைப்புக்கு ஆறு வாரம் முன்னர் அவர்கள் கையில் இருக்க வேண்டும். படைப்பைப் பார்த்த ஒரு வாரத்துக்குள் வாய்மொழிப் பரீட்சை நடக்க வேண்டும். கண்காட்சி என்றால் அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, முடிந்தால் அந்த மண்டபத்திலேயே. படத்தின் முன் நின்று “இந்த இடத்தில் ஏன் இரண்டாம் பூச்சு?” என்று கேட்பதும், மேசைக்கு அப்பால் இருந்துகொண்டு 84ஆம் பக்கத்தைப் புரட்டுவதும் ஒன்றாகாது. படைப்பைப் பார்த்த பின் எழுத்தின் கடைசி அத்தியாயத்தைத் திருத்த மாணவருக்கு மூன்று மாதம் கொடுங்கள். கடைசி ஆற்றுகையில் கண்டுபிடித்தது அந்த அத்தியாயத்துக்குள் வர வேண்டும் அல்லவா?

திகதி போடும்போது எங்கள் ஊரின் காலநிலையையும் திருவிழாக்களையும் பாருங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. திறந்தவெளி ஆற்றுகையை அந்த மாதங்களில் பரீட்சைக்கு வைக்கக் கூடாது. நவம்பர் மாதம் சபைக்கு வசதி என்பதற்காக ஒரு காத்தவராயன் கூத்தை மண்டபத்துக்குள் தள்ளினால், பரீட்சிக்கப்படுவது வேறொரு படைப்பாகிவிடும். காத்தவராயன் கூத்து அம்மன் கோவில் முற்றத்துக்குரியது, நேர்த்திக்கு ஆடுவது. காத்தான் கழுமரம் ஏறும் கட்டத்தில் சனம் தன்பாட்டில் எழுந்து நிற்கும். பார்வையாளர் எங்கே நிற்கிறார்கள், எப்போது எழும்புகிறார்கள் என்பது அந்தக் கலையின் ஒரு பாகம், பரீட்சகர் அவர்களுக்குள் இருந்து பார்க்க வேண்டும். இயேசுவின் திருப்பாடுகளின் நாடகம் தவக்காலத்துக்குரியது. நல்லூர்த் திருவிழா 25 நாள்; வீதியில் வாசிக்கும் நாதஸ்வரத்தை ஆய்வு செய்கிறவரின் பரீட்சைத் திகதியை அப்படியான திருவிழாக் காலத்தில்தான் வைக்க வேண்டும், பல்கலைக்கழக நாட்காட்டி அதற்கு இடம் கொடுக்கட்டும்.

வெளிநாட்டுப் பரீட்சகர் வர முடியாவிட்டால்? ஒருவர் மட்டும் நேரலையில் பார்க்கலாம், மற்ற இருவர் நேரில் இருக்க வேண்டும் என்று வரம்பு வையுங்கள். எல்லோரும் திரையில் பார்ப்பது என்ற வழியைத் திறந்து விட்டால் அது வழக்கமாகிவிடும்.

யார் பரீட்சகர்? ஒருவர் அந்தக் கலையைச் செய்கிறவராக இருக்க வேண்டும். ஒருவர் அந்தத் துறையில் ஆய்வு எழுதுகிறவர். மூன்றாமவர் அயல்துறையிலிருந்து வரலாம். கலாநிதிப் பட்டம் பெற்றவரே பரீட்சகராகலாம் என்ற விதியை இங்கே கண்மூடிப் பின்பற்றினால், நாற்பது வருடம் மத்தளம் அடித்துக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்குப் பட்டமில்லை என்பதால் அவர் பார்வையாளர் வரிசையில் இருப்பார். தாளக்கட்டு எங்கே சறுக்கியது என்று சொல்லக்கூடியவர் அவர்தான். அவருக்குக் கலைமதிப்பீட்டாளர் என்ற ஓர் இடத்தை விதியிலேயே ஏற்படுத்துங்கள். எழுத்தைப் பற்றி அவர் கருத்துச் சொல்லத் தேவையில்லை. ஆற்றுகை பற்றிய அவருடைய அறிக்கை, அவர் வாய்ச்சொல்லாகச் சொல்ல மற்றவர் எழுதிக் கையொப்பம் பெற்றதாக இருந்தாலும், பரீட்சைக் கோப்பில் இருக்க வேண்டும். அதை மீறித் தீர்ப்புக் கொடுக்கும் சபை காரணம் எழுத வேண்டும்.

மேற்பார்வையாளருக்கும் ஒரு வார்த்தை. ஒத்திகைக்குப் போகாமல் இந்த ஆய்வை மேற்பார்க்க முடியாது. அதேவேளை ஒத்திகைக்குப் போய் நெறியாள்கை செய்துவிடக் கூடாது. “இப்படிச் செய்” என்று சொன்ன கணத்திலிருந்து அந்தப் படைப்பு பாதி உங்களுடையது. பார்த்ததைச் சொல்லுங்கள், கேள்வி கேளுங்கள், திகதியிட்டு எழுதிக் கொடுங்கள்.

படைப்பைப் பார்த்தாலும் அது ஒரு தடவைதான். ஆகவே பதிவு தேவை. அதுவும் முதல் நாளிலிருந்தே. மாணவர்கள் மிகவும் இழப்பது இதில்தான். எல்லாம் முடிந்த பின் குறிப்பு எழுத உட்கார்ந்தால், நடந்ததை அல்ல, நடந்ததற்கான நியாயத்தைத்தான் மனம் எழுதிக் கொடுக்கும். ஒவ்வோர் ஒத்திகை முடிந்த அன்றிரவே செயற்குறிப்பேட்டில் நான்கு விடயம் எழுத வேண்டும்: என்ன செய்து பார்த்தோம், என்ன நடந்தது, என்ன முடிவெடுத்தோம், எதைக் கைவிட்டோம். அரைப் பக்கம் போதும். ஓர் எடுத்துக்காட்டு (தரு என்பது கூத்துப் பாட்டு, தீர்மானம் என்பது ஆட்டத்தை முடிக்கும் தாளக்கட்டு):

“ஏழாம் தரு. பிற்பாட்டுக்காரர் இரண்டாம் அடியைத் திருப்பிப் பாடுவதை எடுத்துவிட்டோம். நேரம் குறைந்தது. ஆனால் ஆட்டக்காரர் தீர்மானத்துக்கு அரைத் தாளம் பிந்தி வந்தார், மூன்று தரமும் அப்படியே. நாலாம் தரம் திருப்பிப் பாடுவதைச் சேர்த்தோம், சரியாக வந்தார். திருப்பிப் பாடும் இடம் ஆட்டக்காரர் மூச்சு வாங்கும் இடம். நாளை ஒன்பதாம் தருவிலும் இதையே பார்க்க வேண்டும்.”

இந்த ஒரு குறிப்பில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. அடியைத் திருப்பிப் பாடுவது வெறும் அழுத்தத்துக்காக என்று எண்ணியிருந்தால், உடம்பு அதைத் திருத்திவிட்டது. இது ஒரு நூலிலிருந்து வராது. அன்றிரவே எழுதாமல் விட்டால், மூன்று வருடத்துக்குப் பின் “சில தருக்களில் திருப்பிப் பாடுவது தக்கவைக்கப்பட்டது” என்ற உயிரற்ற வசனமாகத்தான் அது ஆய்வேட்டுக்குள் வரும். ஆகவே குறிப்பேட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும், பரீட்சகர் கேட்டால் காட்ட வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். சரிவராத முயற்சிகள் அதில் இருப்பது குறைவல்ல. அவை இல்லாத குறிப்பேட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒளிப்பதிவில் நடக்கும் பிழை எல்லோருக்கும் தெரியும். கலியாண வீடியோ எடுப்பவரை அழைத்து வருகிறோம். அவர் தன் தொழிலை நன்றாகவே செய்கிறார்: முகத்துக்கு நெருங்குகிறார், ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குக் கரைய விடுகிறார், மேலே பெயர் போடுகிறார். ஆனால் ஆட்டம் காலில் இருக்கிறது. கால் சட்டகத்துக்கு வெளியே. ஆய்வுப் பதிவுக்கு இரண்டு கமரா வேண்டும். ஒன்று முக்காலியில், மேடை முழுவதும் காலும் தலையும் தெரிய, தொடக்கம் முதல் முடிவு வரை அசையாமல் நிற்க வேண்டும். மற்றது ஆட்டக்காரரைத் தொடரலாம். தானியங்கிக் குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் விளக்கு மாறும் ஒவ்வொரு தரமும் கமரா தடுமாறும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 25 சட்டகமும் 1/50 வினாடி மூடுவேகமும் வைத்தால் குழல் விளக்கு மினுங்குவது பெரும்பாலும் நின்றுவிடும். ஒலியைக் கமராவில் நம்பியிருக்காமல் தனிப் பதிவுக் கருவியில் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் எடுத்து, தொடக்கத்தில் கமராவுக்கு முன் ஒருதரம் கைதட்டினால் பிறகு இரண்டையும் பொருத்தலாம். தவில் உச்ச அடியில் ஒலி உடையும். முன்கூட்டியே பலமாக அடிக்கச் சொல்லி அந்த உச்சம் −12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை இறக்கி வையுங்கள். ஜெனரேட்டரை ஒலிவாங்கி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், மதிலுக்குப் பின்னால் வைப்பது அற்ப விடயமாகத் தோன்றும். இரவு முழுவதும் பதிந்த ஒலி அதனால்தான் பயனற்றுப் போகிறது.

ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் வேறு கணக்கு. ஒவ்வொரு படத்தோடும் நிற அட்டை ஒன்றை வைத்து ஒருமுறை எடுங்கள், பக்கவாட்டில் வெளிச்சம் விழ ஒருமுறை எடுங்கள், அப்போதுதான் பூச்சின் தடிப்புத் தெரியும். பின்புறத்தையும் எடுங்கள். நிறுவல், அதாவது பொருள்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் கலை என்றால், அறையின் அளவு, பொருள்களுக்கிடையிலான தூரம், தொங்கும் உயரம் ஆகியவற்றோடு தரைப்படம் வேண்டும், வாசலிலிருந்து உள்ளே நடந்து வெளியேறும் வரை வெட்டாத ஒரு காணொளியும் வேண்டும்.

இவ்வளவும் எவ்வளவு இடம் பிடிக்கும்? 4கே காணொளியை வினாடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி விடிய நாலு மணிக்கு முடியும் கூத்தை இரண்டு கமராவில் பதிந்தால் 720 ஜிகாபைட். ஒலி மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்தான். ஒத்திகைகளையும் சேர்த்தால் ஒரு மாணவருக்குச் சில டெராபைட் வேண்டும், அதுவும் மூன்று மடங்காக. ஏனென்றால் மூன்று பிரதி இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு வகை ஊடகத்தில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். 1981இல் ஒரே இரவில் யாழ். பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் இழந்த ஊருக்கு மூன்றாவது பிரதி ஏன் என்று விளக்கத் தேவையில்லை. தீ மட்டுமல்ல, உப்புக்காற்றும் ஈரப்பதனும் சேர்ந்து ஹார்ட் டிஸ்க்கை அலுமாரிக்குள் வைத்தே கெடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து, கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்த ஆள் மாணவராக இருக்கக் கூடாது. பட்டம் பெற்ற பின் அவர் போய்விடுவார். நூலகம் இந்தப் பொறுப்பை எடுக்கட்டும். ஆய்வேட்டில் யூடியூப் இணைப்புகளை மட்டும் கொடுத்துவிட்டு இருப்பதை ஏற்காதீர்கள். கணக்கு மூடப்பட்டால் ஆய்வின் பாதி மறைந்துவிடும்.

ஒரு சிறு விடயம், ஆனால் கட்டாயம்: எழுத்து ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்க வேண்டும். இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆய்வேடுகள் வருகின்றன. அச்சில் அழகாக இருக்கும். பிடிஎஃப்பில் “கூத்து” என்று தேடினால் ஒன்றும் வராது, பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல் வரும்.

படைப்புக்குள் மற்றவர்களின் அறிவும் உழைப்பும் இருக்கிறது. இதை மறைத்துப் பட்டம் வாங்குவது சரியில்லை. கூத்து பலர் சேர்ந்து செய்வது. ஆகவே ஆய்வாளர் எதைச் செய்தார், அண்ணாவியார் எதைத் தந்தார், ஆட்டக்காரர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று பங்களிப்புக் கூற்று ஒன்று, சம்பந்தப்பட்டவர்களின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். ஒரு குடும்பம் தலைமுறையாக வைத்திருக்கும் கூத்து ஏட்டைப் படம் பிடிப்பதற்கு அனுமதி தந்தால், அது இணையத்தில் போடுவதற்கான அனுமதி ஆகாது. பார்க்கலாம், ஆய்வேட்டில் சில பக்கம் சேர்க்கலாம், எல்லோருக்கும் திறக்கலாம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகையாளரின் உரிமையையும் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் பற்றிப் பேசுகிறது. அனுமதிப் படிவத்தை அதற்கு இசைவாக, விளங்கும் தமிழில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். காண்பியக் கலையில் இது இன்னும் நுண்மையானது. இடம்பெயர்ந்த குடும்பங்களிடமிருந்து காணி உறுதி, பழைய படம், இடிந்த வீட்டின் கதவு என்று பொருள்களை இரவல் வாங்கி நிறுவல் செய்கிறவர்கள் உண்டு. பொருளை வாங்கும்போதே அதன் நிலையைப் படம் எடுத்து, திருப்பிக் கொடுக்கும் நாளை எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் இடையில் மனம் மாறிக் கேட்டால், பரீட்சைக்கு முதல்நாள் என்றாலும் கொடுத்துவிட வேண்டும். அந்த வெற்றிடத்தோடு பரீட்சகர் அதைப் பார்க்கட்டும்.

எழுத்துப் பகுதி எவ்வளவு? வழக்கமான கலாநிதி ஆய்வேட்டுக்கு 80,000 சொல் என்பது பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் உச்சவரம்பு. படைப்புவழி ஆய்வுக்கு 30,000 முதல் 40,000 வரை கேட்கிறார்கள். தமிழில் ஒரே சொல்லுக்குள் பல உருபுகள் சேர்ந்து நிற்பதால் அதே அளவு விடயம் இன்னும் குறைந்த சொல்லில் அடங்கும். ஆங்கில எண்ணைத் தூக்கி அப்படியே தமிழ் ஆய்வேட்டுக்கு வைத்தால் மாணவர் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். 25,000 முதல் 30,000 வரை போதும் என்பது எங்கள் கணிப்பு. அதற்குள் தன் படைப்பைத் தானே வருணிப்பதும் புகழ்வதும் வேண்டாம். கேள்வி என்ன, இதே கேள்வியோடு முன்பு வேலை செய்த கலைஞர்கள் யார், எப்படிச் செய்து பார்த்தோம், என்ன தெரியவந்தது, இன்னொருவர் இதை எடுத்து எங்கே பயன்படுத்தலாம். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அது நல்ல படைப்பாக இருக்கலாம், கலாநிதிப் பட்டத்துக்கு உரியதாகாது. இந்த இடத்தில் தயவுதாட்சண்ணியம் பார்க்க வேண்டாம் என்று கலைஞர்களான நாங்களே கேட்கிறோம். நன்றாக ஆடினார் என்பதற்காகக் கலாநிதிப் பட்டம் கொடுத்தால் ஆட்டத்துக்கும் பெருமையில்லை, பட்டத்துக்கும் பெருமையில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: மண்டபம், விளக்கு, ஆட்டக்காரரின் போக்குவரத்தும் சாப்பாடும், அண்ணாவியாரின் சன்மானம், பதிவு, சேமிப்பு. இவற்றை மாணவர் தன் கையிலிருந்து போட வேண்டும் என்றால் வசதியுள்ளவர்கள் மட்டும்தான் இந்தப் பட்டத்துக்கு வருவார்கள். மண்டபத்தையும் பதிவுக் கருவிகளையும் கட்டணமின்றித் தருவதாவது விதியில் உறுதியாக இருக்கட்டும்.

இவ்வளவையும் ஒரே கூட்டத்தில் நிறைவேற்ற முடியாது என்பதை அறிவோம். முதலில் செய்யக்கூடியது ஒரு பக்கப் படிவம்: இறுதிப் படைப்பின் இடம், திகதி, மாற்றுத் திகதி, நேரில் வரும் பரீட்சகர்களின் ஒப்புதல், கலைமதிப்பீட்டாளரின் பெயர். இந்தப் படிவம் ஆறு மாதம் முன்னதாக நிரப்பப்படாமல் எந்தப் படைப்புவழி ஆய்வும் பரீட்சைக்கு ஏற்கப்படாது என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானியுங்கள். படிவத்தின் வரைவும், அனுமதிப் படிவத்தின் வரைவும், ஒளி, ஒலிப் பதிவுக்கான இரண்டு பக்கக் கையேடும் எங்களிடம் ஆயத்தமாக உள்ளன. அழைத்தால் கொண்டுவந்து, உங்களோடு இருந்து, வரிவரியாகத் திருத்தித் தருவோம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து நுண்கலை ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், கூத்து, இசை, ஓவியக் கலைஞர்கள்